தெளிந்த ஏரியெல்லாம் நல்ல ஏரியல்ல

ஆசிரியருக்கு,

கோடையில் வடக்கே கொட்டேஜுக்குப் போகும் நம்மவர்கள், தண்ணீர் பளிங்குபோல் இருந்தால் சுத்தம், தேயிலைச்சாய நிறத்தில் இருந்தால் அழுக்கு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ரொறன்ரோவுக்கு வடக்கேயுள்ள மஸ்கோகா ஏரிகளின் பழுப்பு நிறம் கழிவுநீரால் வந்ததல்ல. சதுப்பில் இலைதழை மக்கி ஊறிவரும் சாறு. மாறாக, ஒன்ராறியோ மாகாணத்தின் கில்லார்னிப் பூங்காவில் சில ஏரிகள் அவ்வளவு தெளிந்து போனதற்கு, அருகிலுள்ள சட்பறி நகரின் உலோக உருக்காலைகளின் கந்தகப் புகை பெருங்காரணம். அந்த அமிலம் நிறத்தையும் எடுத்தது, மீனையும் எடுத்தது. 1970களில் அங்கே பிஎச் (அமில அளவு; 7க்குக் கீழே குறையக் குறைய அமிலம் கூடும்) 5க்கும் கீழே போன ஏரிகள் உண்டு.

அமில மழை பெய்த இடத்திலெல்லாம் ஏரிகள் சாகவில்லை. அடியில் என்ன பாறை என்பதுதான் கேள்வி: சுண்ணாம்பு கரைந்தால் அமிலத்தை முறிக்கும். சுண்ணாம்புக்கல் கரைந்து சேரும் ஒன்ராறியோ ஏரியில் லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம். சுப்பீரியர் ஏரியில் ஏறத்தாழ 13. வடக்கே பரந்துகிடக்கும் பழம்பாறை நிலமான கனடியன் ஷீல்டின் கருங்கல் எளிதில் கரையாததால் அங்குள்ள பல சிறு ஏரிகளில் 2, 3தான். ஒன்ராறியோ ஏரியில் பெருகிய வரிக்குதிரைச் சிப்பிக்கு இந்த ஷீல்டு ஏரிகளின் நீரில் ஓடு கட்டவே கல்சியம் போதாது. 1.5க்குக் கீழே இறங்கினால் மீன்குஞ்சுகளின் இரையான டாப்னியா என்ற நுண்ணிய நீர்ப்பூச்சியும் தடுமாறும்.

ஆகவே தண்ணீரைச் சோதிப்பவர்கள் பிஎச்சோடு நிறுத்தாதீர்கள். பிஎச் இன்றைய நிலையைத்தான் சொல்லும். இன்னும் எவ்வளவு அமிலத்தை ஏரி தாங்கும் என்பதைக் காரத்தன்மைதான் சொல்லும். கோடையில் நல்ல பிஎச் காட்டும் ஏரி, ஏப்ரலில் அமிலம் சேர்ந்த பனி உருகி ஓடிவரும்போது சட்டென்று இறங்கலாம். நீச்சல் தடாகத்துக்கு விற்கும் சோதனைத் தாள் காரத்தன்மை பார்க்க உதவாது: அதன் அளவுகோல் 0, 40, 80 என்று தாவுவதால் காரத்தன்மை 5 உள்ள ஏரியும் பூச்சியமாகவே தெரியும். ஆய்வகத்தில் குறைந்த அளவுக்கான காரத்தன்மைச் சோதனை என்று சொல்லிக் கேளுங்கள்.

போத்தலை ஏரி நீரிலேயே மூன்று முறை அலசி, கரையை விட்டுத் தள்ளி, அரை மீற்றர் ஆழத்தில் நிரப்பி, நீருக்குள்ளேயே மூடுங்கள். குமிழி இருந்தால் கரியமில வாயு வெளியேறியோ உட்புகுந்தோ பிஎச் மாறிவிடும். ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுங்கள், உறைய விடாதீர்கள். பிஎச்சை மின்னணு மானியில் பார்ப்பதானால் பொறுமை வேண்டும். உப்புச்சத்து குறைந்த நீரில் எண் நிலைக்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். அவசரப்பட்டு எழுதும் முதல் எண் பெரும்பாலும் பிழை.

இன்றைய பெரிய கவலை, பனியை உருக்கத் தெருவில் கொட்டும் உப்பு. நீர்வாழ் உயிர்களுக்குக் கனடா வகுத்த நீண்டகால வரம்பு, அந்த உப்பிலிருந்து வரும் குளோரைட்டுக்கு லீற்றருக்கு 120 மில்லிகிராம். கல்சியம் குறைந்த மென்னீரில் டாப்னியா அதற்கு வெகு முன்பே பாதிக்கப்படுகிறது. சுண்ணாம்பு நிலத்துக்கும் ஷீல்டுக்கும் ஒரே வரம்பு சரியல்ல. ஷீல்டு ஏரிகளுக்குத் தனி வரம்பு வகுக்க வேண்டும். அதுவரை கொட்டேஜ் வாசலில் மறை 10 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் உப்புக் கொட்டாதீர்கள். அந்தக் குளிரில் அது பனியை உருக்குவதும் அரிது, மணலே போதும்.

இப்படிக்கு,
ஏரிநீர்ச் சோதனைத் தன்னார்வலர்கள்,
ரொறன்ரோ