தாய்லாந்தின் 'போரடிக்கும்' ஊர்கள்

ஆசிரியருக்கு,

தாய்லாந்தின் சிறந்த, மோசமான மாகாண ஊர்கள் பற்றி இங்கே வாழும் வெளிநாட்டவர் சொன்னதைத் தொகுத்திருந்தீர்கள். பாங்காக்கில் வேலை பார்ப்பவள் என்பதால் எழுதுகிறேன். 'ராத்திரி எட்டு மணிக்கு மேல் எதுவும் இல்லை' என்பதற்காக தெற்கே உள்ள நக்கோன் சி தம்மராட் ஊரைக் கடைசியில் தள்ளியது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மகாதாட் கோயிலின் பெரிய தூபியும், பிராமணர்கள் வழிபட்ட ஈசுவரன் கோயிலும் அங்கே நடந்து போகும் தெருவிலேயே இருக்கின்றன. தமிழர்கள் என்றால் மேற்குக் கரையில் உள்ள தக்குவாபா ஊருக்கும் போக வேண்டும். 'அவனிநாரணம்' என்ற குளத்தையும் மணிக்கிராமத்தார் என்ற வணிகர் குழுவையும் சொல்லும் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அந்தப் பகுதியில்தான் கிடைத்தது. அவனிநாரணன் என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர்! நம் வணிகர்கள் கடல் தாண்டி வந்த தெற்குப் பகுதியை எப்படிப் 'போரடிக்கிறது' என்று ஒதுக்குவது?

லம்பாங் பற்றிய பாராட்டு சரி. குதிரை வண்டியோடு நின்றுவிடாமல் ஊருக்கு வெளியே லம்பாங் லுவாங் மரக்கோயிலையும் பார்க்கச் சொல்லியிருக்கலாம்.

லோப்புரி குரங்குத் தொல்லையைச் சொன்னது நியாயம்தான், கையில் பை இருந்தால் விடாது. அப்புறம், கார் வைத்திருப்பவர்களின் கருத்தையே கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்களுக்கு இரண்டு பெஞ்சு போட்ட சோங்தேவ் வண்டிதான் கதி. பல ஊர்களில் சாயங்காலத்தோடு அதுவும் நின்றுவிடும். எந்த ஊரில் பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, எங்கே ரயிலில் இறங்கி நடக்கலாம் என்பதையும் அடுத்த முறை போடுங்கள்.

- ஒரு வாசகி, பாங்காக்