செயலாளர் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2020 – ஜூன் 2021

தலைவர், காப்பாளர், செயற்குழுவினர், அங்கத்தவர்கள், பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற கோடையில் கொரோனாவால் பொதுக்கூட்டம் கூட்ட முடியவில்லை. ஆகையால் வழமையான 12 மாதத்துக்குப் பதிலாக 15 மாதத்தை ஒரே அறிக்கைக்குள் அடைத்திருக்கிறேன். நம் உதைபந்துக் கழகம் விளையாடிய கதைக்கு நாலு வரி போதும். 2020 செப்டம்பரில் தொடங்கினோம். நவம்பர் 5 அன்று மறுபடி முடக்கம். டிசம்பரில் இரண்டு ஞாயிறு ஓடினோம், ஜனவரியில் திரும்பவும் பூட்டு. இந்த வருடம் மார்ச் 29க்குப் பிறகுதான் பிள்ளைகள் ஒழுங்காகப் பந்தைத் தொட்டார்கள். பெரியவர்கள் அணி ஐந்து ஆட்டங்களில் ஒன்றை வென்றது. அன்று எதிரணி ஒன்பது பேரோடு வந்தது என்பதையும் எழுதச் சொன்னார் பொருளாளர். எழுதிவிட்டேன்.

மிச்சம் முழுக்கக் காசுக் கதை.

2020 ஏப்ரலில் செயற்குழுவின் முன்னால் இருந்த கேள்வி ஒன்றுதான்: பயிற்சி நடக்காத நாட்களுக்குக் கோச் அண்ணைக்குக் காசு கொடுப்பதா, இல்லையா? ஒரு பயிற்சிக்கு 40 பவுண், மாத முடிவில் கடித உறையில் வைத்துக் கொடுப்பது பத்து வருடப் பழக்கம். வேலை நின்றவர்களின் சம்பளத்தில் 80 வீதத்தைத் தானே கொடுக்கும் ஃபர்லோ திட்டத்தைப் பிரித்தானிய அரசாங்கம் அறிவித்தபோது, அந்தக் காசு அங்கிருந்து வந்துவிடும் என்று எங்களில் சிலர் நம்பினோம். வராது. மார்ச் 19க்குள் சம்பளப் பட்டியலில் பேர் இருந்து, வரித் திணைக்களத்துக்கும் அறிவித்திருந்தால்தான் அந்தத் திட்டம். எங்களுடைய சம்பளப் பட்டியல் பொருளாளரின் நீலக் கொப்பி.

வேலை இல்லையென்றால் காசும் இல்லை என்று சிலர் சொன்னார்கள். தப்பான கதை என்று சொல்ல மாட்டேன், சந்தா வருமானமும் நின்றுபோயிருந்தது. கடைசியில் ஆகஸ்ட் வரை அரைவாசி கொடுப்பது என்று முடிவாகி, முதல் உறையை நான்தான் கொண்டுபோனேன். மைதானத்து வாசலில் சங்கிலி. கோச் அண்ணை காரை விட்டு இறங்கி, டிக்கியைத் திறந்து கூம்புகளை எண்ணிக்கொண்டு நின்றார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் எண்ணினார் என்று நினைக்கிறேன். "தம்பி, இது நான் வேலை செய்யாத காசு" என்றார். "அண்ணை, வாசலைப் பூட்டினது நீங்கள் இல்லையே" என்று சொல்லிவிட்டு உறையை ஆசனத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

மற்றக் கழகங்கள் என்ன செய்தன என்று பார்த்துச் சொல்லும்படி செயற்குழு என்னிடம் கேட்டது. எங்களில் பலர் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் உதைபந்துக் கழகத்தின் ஆதரவாளர்கள். கணபதி கோயிலுக்குப் போய்வருகிற வழியில் அதன் புது அரங்கான பிளவ் லேன் எழும்புவதைப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உச்சியில் இருக்கும் பிரீமியர் லீக்குக்குத் தொலைக்காட்சிக் காசு இருக்கிறது. மூன்றாம், நாலாம் படிகளான லீக் ஒன், லீக் டூ கழகங்களுக்கு வாசலில் வாங்கும் டிக்கெட்டும், உள்ளே விற்கும் தின்பண்டமும் பியரும்தான் உயிர். 2020 மார்ச் 13 அன்று ஆட்டங்கள் நின்றன. அடுத்த வாரமே லீக் நிர்வாகம் 50 மில்லியன் பவுண் உதவி அறிவித்தது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதில் இருந்தது முற்பணமும் வட்டியில்லாக் கடனும். வரவிருந்த காசை முன்கூட்டித் தந்தார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் சம்பளம். ஏப்ரல் மாதத்துக்கு, மாதம் 2,500 பவுணுக்கு மேல் வாங்கும் வீரர்களின் சம்பளத்தில் 25 வீதம் வரை பிற்போடலாம் என்று லீக்கும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து சொல்லின. 'பிற்போடல்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வெட்டினால் காசு போனது போனதுதான். பிற்போட்டால் கழகம் வீரருக்குக் கடன்காரன். ஃபர்லோவும் மாதம் 2,500 பவுணோடு நின்றுவிட்டது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்த எல்லையை ஏன் அங்கே போட்டார்கள் என்பது விளங்கும். கீழே இருந்த வீரரைத் தொடவில்லை. இது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

ஆனால் ஒப்பந்தம் முடிகிறவனுக்கு எதைப் பிற்போடுவது? ஜூன் 30உடன் சுமார் 1,400 வீரர்களின் ஒப்பந்தம் முடிகிறது என்று லீக்கின் தலைவர் ரிக் பரி நாடாளுமன்றக் குழுவிடம் மே மாதம் சொன்னார். எல்லாக் கழகங்களுக்குமாகச் செப்டம்பருக்குள் 200 மில்லியன் பவுண் ஓட்டை என்றும் சொன்னார். ஆளில்லாத அரங்கில் ஆடி முடிக்கவும் காசு வேண்டும்: கொரோனாப் பரிசோதனைச் செலவு கழகத்தின் தலையில், ஃபர்லோவில் இருக்கும் வீரரைத் திருப்பி எடுத்தால் சம்பளமும் முழுதாக. ஜூன் 9 அன்று லீக் ஒன், லீக் டூ கழகங்கள் வாக்களித்துப் பருவத்தை முடித்தன. நிலைகளை ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று கணக்குப் போட்டார்கள். விம்பிள்டன் 35 ஆட்டத்தில் 35 புள்ளி, ட்ரான்மியர் 34 ஆட்டத்தில் 32. ஒன்றுக்கு எதிராக 0.94. நாங்கள் தப்பினோம், கையில் ஓர் ஆட்டம் மிச்சமிருந்த ட்ரான்மியர் லீக் டூவுக்கு இறங்கியது. எங்கள் வொட்ஸ்அப்பில் அன்று பட்டாசுப் படங்கள் பறந்தன. நானும் ஒன்று போட்டேன். இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

விம்பிள்டன் ஆதரவாளர்களுக்குச் சொந்தமான கழகம். பிளவ் லேனைக் கட்டி முடிக்க 2020 தொடக்கத்தில் ஆதரவாளர்களே கடன்பத்திரம் வாங்கி 5 மில்லியன் பவுணுக்கு மேல் சேர்த்திருந்தார்கள். நவம்பர் 3 அன்று டொன்காஸ்டரோடு முதலாட்டம், 2–2. காசு கொடுத்துக் கட்டியவர்கள் ஒருவரும் உள்ளே இல்லை. 10 பவுண் கட்டிக் கணினியில் பார்த்தோம்.

ஆகஸ்ட் 7 அன்று லீக் ஒன்னுக்கு 2.5 மில்லியன், லீக் டூவுக்கு 1.5 மில்லியன் என்று வருடச் சம்பள உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். வீரர்கள் சங்கம் வழக்காடியது. தங்களோடு முறைப்படி கலந்து பேசவில்லை என்பது அவர்களுடைய வாதம். இந்த வருடம் பெப்ரவரி 9 அன்று நடுவர் குழு அந்த வரம்பைச் செல்லாது என்றது. வரம்பு நல்லதா கெட்டதா என்பதில் எங்கள் செயற்குழுவுக்குள்ளேயே இரண்டு கட்சி. ஆனால் சம்பளம் வாங்குகிறவனைக் கேட்காமல் சம்பளத்தை முடிவு செய்யக்கூடாது என்பதில் எல்லோரும் ஒன்று.

மக்கிள்ஸ்ஃபீல்ட் கழகத்தை நீதிமன்றம் 2020 செப்டம்பர் 16 அன்று கலைத்தது. கடன் 5 இலட்சம் பவுணுக்கு மேல். பழியைக் கொரோனாவில் போடமுடியாது. 2019இலேயே அங்கே சம்பளம் தவறத் தொடங்கிவிட்டது.

இன்னும் கீழே, நெஷனல் லீக்கில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேசிய லொத்தரின் 10 மில்லியன் பவுண் வந்தது. பங்கிட்ட விதம்தான் கோணல். சராசரி 5,000 பேருக்கு மேல் வரும் நொட்ஸ் கவுண்டிக்கு மாதம் 95,000, ஆயிரம் பேர்கூட வராத கழகங்களுக்கு 84,000. இழந்த வாசல் காசுக்கும் கிடைத்ததுக்கும் தொடர்பே இல்லை. ஜனவரியில் இனி மானியம் இல்லை, கடன்தான் என்றார்கள். திருப்பிக் கட்ட வழியில்லாத கடனை வாங்க மாட்டோம் என்று டோவர் கழகம் ஆடுவதையே நிறுத்தியது. அதன் முடிவுகளை அழித்து, 40,000 பவுண் தண்டமும், 2021–22 பருவத்துக்கு 12 புள்ளிக் கழிவும் போட்டார்கள். டோவர் செய்தது சரியென்றே எனக்குப் படுகிறது. தலைவர் உடன்படவில்லை. அதையும் பதிகிறேன்.

அப்போது எட்டாம் படியில் இருந்த க்ரோஸ்பியின் மரீன் கழகத்துக்கு ஜனவரி 10 அன்று எஃப்.ஏ. கிண்ணத்தில் பிரீமியர் லீக்கின் டொட்டன்ஹாம் வந்தது. ஆள் விடமுடியாத ஆட்டத்துக்கு 10 பவுண் 'டிக்கெட்' விற்றார்கள். வாங்கியவர்களுக்குள் ஒருவருக்குக் குலுக்கலில் ஒரு நட்பு ஆட்டத்துக்கு முகாமையாளராக நிற்கும் வாய்ப்பு. 3,185 பேர் கொள்ளும் மைதானத்துக்கு 30,697 டிக்கெட் போனது. 0–5 தோல்வி. ஆனால் அந்தக் காசில் அவர்கள் மூச்சு விட்டிருப்பார்கள். இதைப் பார்த்துத்தான் நாமும் பிப்ரவரியில் 'நடக்காத இராப்போசனம்' டிக்கெட் விற்றோம். கொத்துரொட்டியை அவரவர் வீட்டில் போட்டுக்கொள்ள வேண்டியது. 412 பவுண் சேர்ந்தது. கோச் அண்ணையின் மீதி அரைவாசி அதிலிருந்துதான் தீர்ந்தது. இந்த முறை உறையை மறுக்கவில்லை. எத்தனை டிக்கெட் என்று மட்டும் கேட்டார்.

இவற்றையெல்லாம் படித்த பிறகு செயற்குழு ஒரு தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறது. பயிற்றுநர், நடுவர் இருவருக்கும் வருடத் தொடக்கத்தில் எழுத்து ஒப்பந்தம்: ஒரு பயிற்சிக்கு எவ்வளவு, எங்கள் பக்கத்தால் நின்றால் எவ்வளவு, எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும். கொடுப்பனவு வங்கியூடாக மட்டும். கையிருப்பில் மூன்று மாதக் கொடுப்பனவுக்கு எப்போதும் கை வைப்பதில்லை. கோச் அண்ணையிடம் வரைவைக் காட்டினோம். இரண்டாம் பந்தியில் ஒரு திருத்தம் சொன்னார், சேர்த்திருக்கிறோம்.

மைதான வாடகை முற்பணத்தில் பாதி இன்னும் திரும்பி வரவில்லை. நாலு கடிதம் போயிருக்கிறது. 17 அங்கத்தவர்கள் சந்தா பாக்கி. பேர் வாசிக்கவில்லை, அவர்களுக்குத் தெரியும். விளையாடாத வருடத்துக்கும் முழுச் சந்தா கட்டிய 23 பேருக்கு நன்றி. கணக்கறிக்கை பொருளாளரிடம். நீலக் கொப்பியும் மேசையில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

பந்துப் பெட்டகத்தின் இரண்டாவது திறப்பு சென்ற மார்ச்சிலிருந்து யாரிடமோ இருக்கிறது. இன்று கூட்டம் முடிவதற்குள் என்னிடம் தரவும்.

இப்படிக்கு,
செயலாளர்