பியர்டட் டிராகன் விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

செல்லப்பிராணிக் கடை நடத்தும் அனைவருக்கும் வணக்கம்.

பியர்டட் டிராகன் என்ற ஓணான் வகைப் பிராணியை வாங்க வருபவரிடம் சின்னக் கண்ணாடித் தொட்டி, சுருள் பல்பு, சூடேறும் கல், சுவரில் ஒட்டும் முள் தெர்மாமீட்டர் என்று ஒரு செட்டைக் கொடுத்து அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கடைக்காரருக்குத் தெரியாததா என்று நம்பித்தான் அவர் வாங்கிப் போகிறார். அந்த செட்டை மாற்றுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

இந்தப் பிராணியின் சொந்த இடம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. காலையில் வெயில் ஏறியதும் கட்டையிலோ வேலிக் கம்பத்திலோ ஏறி, உடம்பைத் தட்டையாக விரித்து வெயில் காயும். குளிர்ந்திருக்கும்போது தோலைக் கருமையாக்கி வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். சூடு போதுமென்றால் நிறம் வெளுக்கும். மிஞ்சினால் வாயைத் திறந்து வைத்துக்கொள்ளும், இல்லையென்றால் நிழலுக்கு நகர்ந்துவிடும். வெயிலும் நிழலும் பக்கத்திலேயே இருந்தால் தன் உடல் சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்த உயிர் அது. தொட்டிக்குள் அடைத்த பிறகு அந்த இரண்டையும் நாம்தான் கொடுத்தாக வேண்டும்.

முதலில் யுவிபி கதிர், அதாவது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரின் ஒரு வகை. அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது இதுதான். யுவிபி தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாவது தொடங்கும். அது போதாமல் போனால், தீனியில் எவ்வளவு கால்சியம் பொடி தூவினாலும் உடம்பில் சரியாகச் சேராது. அப்புறம் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்க ஆரம்பிக்கும். தாடை ரப்பர் போல மெத்தென்று ஆகும், கால்கள் வளையும், விரல்கள் நடுங்கும், சும்மா இறங்கி ஏறுவதிலேயே எலும்பு முறியும். வளரும் குட்டிகளுக்குத்தான் இது சீக்கிரம் வரும். மருத்துவர் நோயை நிறுத்தினாலும் வளைந்த முதுகும் காலும் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். இவ்வளவும் ஒரு யுவிபி டியூப் லைட்டால் தடுக்கக்கூடியது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

சுருள் வடிவ யுவிபி பல்பின் கதிர் ஒரு சின்ன வட்டத்துக்குள் அடங்கிவிடும். வேண்டியது 10 முதல் 12 சதவீத யுவிபி என்று குறித்த, டி5 எனப்படும் மெல்லிய நீள டியூப். தொட்டி நீளத்தில் பாதிக்காவது அது வர வேண்டும். வெயில் காயும் இடத்தில் யுவி இன்டெக்ஸ் (புற ஊதாக் கதிரின் வலிமையைக் காட்டும் எண்) 4 முதல் 6 வரை கிடைத்தால் நல்லது. கண்ணாடி யுவிபியை ஏறக்குறைய முழுதாகவே தடுத்துவிடும் என்பதால் ஜன்னலோர வெயில் கணக்கில் வராது. தொட்டி மூடியின் கம்பி வலையும் கணிசமான பகுதியை விழுங்கிவிடும். டியூபை வலைக்கு மேலே வைக்கிறோமா கீழே வைக்கிறோமா என்பதைப் பொறுத்து, டியூபுக்கும் பிராணிக்கும் இடையே விட வேண்டிய தூரம் மாறும். ஆகவே கடையில் ஒரு யுவி மீட்டர் வைத்து அளந்தே சொல்லுங்கள். டியூப் எரிந்துகொண்டே இருந்தாலும் யுவிபி குறைந்துகொண்டே வரும். ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மாட்டும் தேதியை டியூபின் மேலேயே எழுதிக் கொடுக்கலாம்.

அடுத்தது வெப்பம். தோலில் டி3 உருவாகி முடிவதற்கும் உடம்புச் சூடு தேவை. தின்றது செரிப்பதற்கும் தேவை. அதனால் வெப்ப பல்பும் யுவிபி டியூபும் ஒரே பக்கத்தில், ஒரே இடத்தின் மேல் விழ வேண்டும். அங்கே கட்டையின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ், எதிர்ப்பக்கம் 24 முதல் 28. சின்னத் தொட்டியில் இந்த வித்தியாசம் கிடைக்கவே கிடைக்காது. பெரிதாக வளர்ந்த பிராணிக்கு 120 சென்டிமீட்டர் நீளமாவது வேண்டும். சாதாரண ஹாலஜன் பல்பே போதும். அதோடு, சூட்டுக்கு ஏற்ப பல்பைத் தானே கூட்டிக் குறைக்கும் டிம்மிங் தெர்மோஸ்டாட்டைக் கட்டாயம் சேர்த்துக் கொடுங்கள். முள் தெர்மாமீட்டர் சுவரின் காற்றைத்தான் காட்டும். மேற்பரப்பை அளக்க, தொடாமலே சூட்டைக் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வேண்டும்.

சூடேறும் கல்லை விற்பதை நிறுத்திவிடுங்கள். சூட்டை மேலிருந்து வாங்கிப் பழகிய பிராணி இது. வயிறு வெந்து புண்ணாகும் வரை கல்லின் மேலேயே படுத்திருக்கும். இரவில் சிவப்பு பல்பும் வேண்டாம். இருட்டில்தான் அது தூங்கும், 18 டிகிரி வரை குளிர்ந்தாலும் தாங்கும். அதற்கும் கீழே போகும் வீடு என்றால் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்டோடு கொடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். தொட்டியையும் விளக்குகளையும் முதலில் விற்றுவிட்டு, ஓரிரு நாள் ஓடவிட்டு, இரு பக்க வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு வந்த பிறகு பிராணியைக் கொடுங்கள். அவசரப்படுபவர் வேறு கடைக்குப் போகலாம், போகட்டும். உங்கள் கடைத் தொட்டியிலும் இதே ஏற்பாடு இருந்தால் நீங்கள் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

ஏற்கெனவே வாங்கிப் போனவர்களும் பூச்சி வாங்க உங்களிடம் வருவார்கள். என்ன விளக்கு போட்டிருக்கிறீர்கள், டியூபை எப்போது மாற்றினீர்கள் என்று அவர்களிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
பியர்டட் டிராகன் வளர்க்கும் ஒருவர்