லுர்ஹி புத்தகங்களை நான் எறியவில்லை

அன்புள்ள மகளுக்கு,

கெல்லரை, அந்த நிலவறையைத் துப்புரவாக்கும்போது அந்தச் சப்பாத்துக் கடைப் புத்தகங்களையும் பழைய பேப்பரோடு போட்டுவிடுங்கோ அப்பா, அதெல்லாம் விளம்பரம்தானே என்று போனில் சொன்னாய். நான் போடவில்லை.

விளம்பரம்தான், பிள்ளை. சலமாண்டர் என்ற ஜேர்மன் சப்பாத்துக் கொம்பனி தன் பெயரிலுள்ள, பல்லி போன்ற பிராணியையே கதாநாயகனாக்கி, கறுப்பு உடம்பில் மஞ்சள் திட்டுப் போட்ட லுர்ஹியை 1937இல் கொண்டுவந்தது. சப்பாத்து வாங்கப் போகும் பிள்ளைகளுக்குச் சித்திரக்கதை இலவசம். போரில் நின்றுபோனது 1950களில் மறுபடி வரத் தொடங்கியது. லுர்ஹி, ஹொப்ஸ் தவளை, முள்ளெலி, எலி, தேரை, பிப்பிங் என்ற குள்ளன் எல்லாருக்கும் காலில் சப்பாத்து. எந்தக் கதையானாலும் முடிவில் காடு முழுக்கச் சலமாண்டருக்கு வாழ்த்து ஒலிக்கும். இதைவிடப் பச்சையாக ஒரு கொம்பனி தன்னைப் புகழ முடியாது.

சரி, இப்போது படங்களில் வரும் அந்தக் காட்டைப் பார், எவ்வளவு கவனமாகக் கீறியிருக்கிறது. மேல்வீட்டு அம்மா தன் பிள்ளைகள் வளர்ந்த பிறகு உனக்குத் தந்த புத்தகக் கட்டுக்குள் இருப்பவை ஹைன்ஸ் ஷூபெல் வரைந்தவை. 1970களின் தொடக்கம் வரை அவர்தான் வரைந்தார். இலவசமாகக் கொடுக்கிற தாளுக்கு இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. பிள்ளைகள்தானே என்று அவர் ஏனோதானோவென்று கீறிக் கொடுக்கவில்லை. அந்த மரியாதைக்காகவே அவற்றை வைத்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

படங்களுக்குக் கீழே பாட்டு, அதுவும் பள்ளிக்கூடக் கூட்டெழுத்தில். எனக்கு டொச், அதாவது ஜேர்மன் மொழி, வந்தது அந்தப் பாட்டுகளால்தான். வகுப்பில் படித்தது படிவம் நிரப்ப மட்டும் உதவியது. நீ மடியில் இருந்து வாசிப்பாய். அடுத்த அடி எந்தச் சொல்லில் முடியும் என்று நான் ஊகிப்பேன். ஓசை பொருந்தவேண்டும் என்பதால் பல நேரம் சரியாக வரும். சரியாக வந்தால் நீ கைதட்டுவாய். ஒரு வேற்றுமொழி எனக்குச் சந்தோசமாக வாயில் வந்த முதல் இடம் அது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தக் கொம்பனியின் பங்காளிகளில் யூதக் குடும்பங்களும் இருந்தன. நாசிகளின் ஆட்சி அவர்களை வெளியே தள்ளியது. லுர்ஹி பிறந்ததும் அதே ஆட்சியில்தான். ஊரைவிட்டு ஓடிவந்த நாங்கள் அதைத் தெரியாமல் இந்தப் புத்தகங்களைப் புரட்டக்கூடாது. பேரன் வளர்ந்ததும் அவனுக்கும் சொல்.

பழைய கதைகளைத் தொகுத்துக் கெட்டி அட்டையில் போட்டிருக்கிறார்கள், தேவையென்றால் வாங்கலாமே என்பாய். வாங்கலாம். மேல்வீட்டுப் பிள்ளைகள் நிறந்தீட்டிய ஓரங்களும் நீ பென்சிலால் எழுதிய உன் பெயரும் அதில் இருக்காது.

பேரனுக்கு டொச் தெரியாதது பெரிய தடையில்லை. படமே கதை சொல்லும். பாட்டை நீ தமிழில் இட்டுக்கட்டிச் சொல்லு, உனக்கு அது நன்றாக வரும். ஓகஸ்ட்டில் வரும்போது பெட்டியில் இடம் விட்டுக்கொண்டு வா. ஷூபெல் வரைந்தவற்றைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். ஈரம்பட்ட சிலவற்றுக்கு இடையில் தாள் வைத்துக் காயவிட்டிருக்கிறேன், அப்புறம் தபாலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா