ட்ரோம்பெக்கைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்

கார்க், அயர்லாந்து,
டிசம்பர் 28

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கிடைத்தது. சின்னவள் முதல் செமஸ்டரை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று படித்ததும் உன் வீட்டுச் சத்தம் இங்கே வரை கேட்டது போல இருந்தது. அம்மாவின் முழங்கால் வலிக்கு மாத்திரை கொடுப்பதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து வெறும் வயிற்றில் கொடுக்காதே. ஒரு வாய் சாப்பிட்ட பிறகு கொடு. ஒரு மாதமாக அதையே போடுகிறார் என்றால் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடு.

சரி, என் சேதி. 23ஆம் தேதி எனக்கு விடுப்பு. இங்கிருந்து மேற்கே ஒன்றேகால் மணி நேரத் தூரத்தில் ட்ரோம்பெக் என்று ஓர் இடம். அங்கே ஒரு கல்வட்டம் இருக்கிறது. கல்லூரியில் படித்தபோது நம்மைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துப் போனார்களே, அங்கே புதருக்கு நடுவே வட்டமாகக் கிடந்த கற்களைக் காட்டியபோது நீ மட்டும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாய். எனக்கு அன்று அதன் அருமை தெரியவில்லை. இப்போது பார்த்தது உன்னோடு பார்த்திருக்க வேண்டியது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

கூட வேலை பார்க்கும் ஒருத்தி தன் காரில் கூட்டிப் போனாள். கிளோனகில்டி, ராஸ்கார்பரி தாண்டி, கிளாண்டோருக்குப் போகும் சாலையிலிருந்து ஒரு சின்னச் சந்தில் திரும்ப வேண்டும். கோடையில் இந்தச் சந்துகளின் இரண்டு பக்கமும் ஃப்யூஷியா வேலி சிவப்பாகத் தொங்குமாம். இப்போது வெறும் குச்சிகள்தான். காரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு மேய்ச்சல் நிலத்து மேட்டில் கற்கள் நிற்கின்றன. ட்ரோம்பெக் என்றால் ஐரிஷ் மொழியில் சின்ன மேடு என்றுதான் பொருள். சரிவுக்குக் கீழே வயல்கள், அதற்கப்பால் கடல். நுழைவுச் சீட்டும் கிடையாது, காவலாளியும் இல்லை.

முதலில் என்னைத் தொட்டது அதன் சின்ன அளவுதான். குறுக்களவு 9 மீட்டர் சொச்சம். பெரிய வீட்டின் முற்றம் அளவு. ஆதியில் 17 கற்கள், இப்போது 13. ஒரு பேரரசன் கட்டளையிட்டு ஆயிரம் பேரை வேலை வாங்கிச் செய்த காரியம் மாதிரித் தெரியவில்லை. பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்த சில குடும்பங்கள் கூடி இழுத்து நட்ட அளவு அது. எனக்கு அப்படித்தான் பட்டது. கார்க், கெர்ரி இரண்டு மாவட்டங்களிலும் இந்த வகை வட்டங்கள் நிறைய இருக்கின்றன. வெறும் ஐந்தே கல் வைத்த வட்டங்களும் உண்டு. ஒவ்வொரு ஊருக்கும் ஒன்று என்பது போல.

கற்களை ஏனோதானோவென்று நடவில்லை. வடகிழக்கில் இரண்டு உயரமான கற்கள், வாசல் தூண்கள் போல. அங்கிருந்து இரண்டு பக்கமும் உயரம் குறைந்துகொண்டே வந்து, நேர் எதிரே தென்மேற்கில் ஒரு நீளக் கல் படுத்திருக்கிறது. அதன் மேல் முகம் தட்டையாக இருக்கிறது, அதில் குழி போலச் செதுக்கிய இரண்டு குறிகள். வாசல் கற்களுக்கு நடுவே நின்று அந்தப் படுக்கைக் கல்லுக்கு மேலாகப் பார்த்தால் தூரத்துக் குன்றுகளில் ஒரு பள்ளம் தெரியும். ஆண்டின் மிகக் குறுகிய பகலில் சூரியன் அந்தத் திசையில்தான் இறங்குகிறது. துல்லியமாக அந்த அச்சில் இல்லை, சற்றே விலகித்தான். ஆனாலும் பார்த்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்திருக்கும். 21ஆம் தேதி எனக்கு டூட்டி, வர முடியவில்லை என்று வருத்தப்பட்டேன். ஆனால் அந்த ஒரு வாரமும் சூரியன் மறையும் இடம் கண்ணுக்குத் தெரியும்படி நகராதாம்.

மேகம் மூடியே இருந்தது. நாலரைக்கு முன்பே மறைந்துவிடும் சூரியனை நாங்கள் முழுதாகப் பார்க்கவில்லை. மேகத்துக்கும் குன்றுக்கும் நடுவே ஒரு கோடு மட்டும் கொஞ்ச நேரம் சிவந்து கிடந்தது. அதற்காகவே வந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேர் அதைப் பார்த்தபடி பேசாமல் நின்றோம்.

ஆனால் உனக்கு எழுத வேண்டும் என்று என்னைத் தூண்டியது சூரியன் இல்லை, மல்லி.

1957இல் எட்வர்ட் ஃபாஹி என்பவர் இங்கே அகழாய்வு செய்தார். வட்டத்தின் நடுவில் ஓர் உடைந்த பானை கிடைத்தது. அதற்குள் எரித்த எலும்புகள், வளரிளம் பருவத்துப் பிள்ளை ஒன்றின் எலும்புகள். தடித்த துணியில் சுற்றி வைத்திருந்தார்களாம். பக்கத்தில் வேறு பானை ஓடுகள், சிதையிலிருந்து கூட்டி அள்ளியவை. முதலில் செய்த கரிமச் சோதனையில் இது சுமார் 2,000 ஆண்டுப் பழமை என்று வந்தது. பிறகு மறுபடி சோதித்ததில் கி.மு. 1100க்கும் 800க்கும் இடைப்பட்ட காலம் என்று தெரிந்தது. ஊர்க்காரர்கள் இதை ட்ரூயிட் பூசாரிகளின் பலிபீடம் என்று சொல்லி வந்தார்கள். ரோமானியர்கள் எழுதி வைத்த அந்தப் பூசாரிகளுக்குப் பல நூறு ஆண்டுகள் முந்தியது இந்த வட்டம். பலி என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. சிதையைக் கூட்டி அள்ளி, சூடு ஆறிய எலும்பைத் துணியில் சுற்றுகிற கை கொல்கிற கை இல்லை என்று என் மனசு சொல்கிறது.

உனக்கே தெரியும், வார்டில் ஒருவர் இறந்தால் உடலைத் துடைத்துச் சுற்றுவது எங்கள் வேலை. நான் இங்கே வந்த புதிதில், வயதான ஒரு ஐரிஷ் நர்ஸ் முதலில் போய் ஜன்னலைத் திறந்தார். காரணம் கேட்டேன். உயிர் போக வழி விட வேண்டும் என்றார். இன்றுவரை நானும் திறக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் ஒரு பதினேழு வயதுப் பையனுக்காகத் திறந்தேன். அவன் அம்மா போர்வையின் ஓரத்தை விடவே இல்லை. அந்த வட்டத்தின் நடுவில் நின்றபோது அவள் கைதான் நினைவில் இருந்தது. தென்மேற்கில் அந்தக் குன்றுப் பள்ளம் திறந்து கிடந்தது.

வட்டத்துக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் இரண்டு வட்டக் குடிசைகளின் அடித்தளமும், ஒரு கல் அடுப்பும், கல் தொட்டியும் இருக்கின்றன. அதை ஃபுலக்ட் ஃபியா என்கிறார்கள். கல்லை நெருப்பில் பழுக்கக் காய்ச்சித் தொட்டித் தண்ணீரில் போடுவார்களாம். அதே மாதிரி செய்து பார்த்தபோது 300 லிட்டருக்கு மேல் தண்ணீர் 18 நிமிடத்தில் கொதித்து, மூன்று மணி நேரம் வரை சூடாக இருந்ததாம். இறைச்சி வேகவைக்க என்கிறார்கள், குளிக்க என்றும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டுமே சரி என்றுதான் தோன்றுகிறது. காரியம் நடக்கிற வீட்டில் இரண்டுக்கும்தானே வெந்நீர் வைக்கிறோம்.

ஒன்று மட்டும் பிடிக்கவில்லை. வருகிறவர்கள் படுக்கைக் கல்லின் மேல் காசும் மணிமாலையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். கல்லின் வெடிப்புகளிலும் காசைச் செருகியிருந்தார்கள். அது கல்லைக் கெடுக்கும். வேண்டுதல் இருந்தால் மனசில் சொல்லிவிட்டு வரலாம்.

போனில் எடுத்த படங்களை அச்சுப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். மூன்றாவது படத்தில் வலது ஓரம் இருப்பது அந்தப் படுக்கைக் கல். நீ இப்போதும் பிள்ளைகளைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துப் போகிறாயா? போனால் அந்தக் கற்கள் இன்னும் புதருக்குள்தான் கிடக்கின்றனவா, யாராவது வேலி போட்டிருக்கிறார்களா என்று பார்த்து எழுது. ஜூலையில் வரும்போது நாம் இரண்டு பேரும் போவோம். அம்மாவையும் காரில் உட்கார வைத்துக் கூட்டிப் போகலாம்.

அன்புடன்,
செல்வி