பசிக்காக வைத்த கைரேகை: கென்ய அரசுக்கு ஒரு திறந்த மடல்

கென்ய உள்துறை அமைச்சகத்தினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உங்கள் நாட்டின் வடகிழக்கில், கென்யப் பெற்றோருக்குக் கென்ய மண்ணிலேயே பிறந்தும் அரசுப் பதிவேட்டில் சோமாலிய அகதிகளாக நிற்கும் இளைஞர்களைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். ‘இரட்டைப் பதிவு’ என்பது அலுவலகங்கள் இச்சிக்கலுக்கு வைத்திருக்கும் பெயர். இதில் மாட்டிக்கொண்டவர்கள் 40,000 பேருக்கு மேல் இருக்கலாம் என்பது உரிமை அமைப்புகளின் மதிப்பீடு.

இது எப்படி நேர்ந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 1991-இல் சோமாலியாவில் சியாத் பாரேயின் ஆட்சி கவிழ்ந்து உள்நாட்டுப் போர் மூண்டபோது, எல்லை தாண்டி உயிர் பிழைக்க வந்தவர்களுக்காக கரிசா மாவட்டத்தின் தடாப் அருகே இஃபோ, டகஹலே, ஹகடேரா முகாம்கள் எழுந்தன. முகாமில் பதிந்தவர்களுக்கு உணவு அட்டை கிடைத்தது. மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் கிடைத்தன. வேலிக்கு வெளியே, அதே வறண்ட நிலத்தில் ஆடும் ஒட்டகமும் மேய்த்து வாழ்ந்த கென்யச் சோமாலியர்களுக்கு (சோமாலி இனத்தவரான கென்யக் குடிமக்களுக்கு), விடுதலை பெற்ற காலத்திலிருந்தே அரசு அவற்றில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. 2011-இல் தெற்குச் சோமாலியாவில் பஞ்சம் என்று ஐ.நா. அறிவித்த அதே வறட்சியில் எல்லைக்கு இப்பாலும் மழையில்லை, மேய்ச்சலில்லை, மந்தைகள் செத்து விழுந்தன. அந்த நிலையில் ஒரு தாய் தன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முகாமின் பதிவு வரிசையில் போய் நின்றாள். வெளிநாட்டில் குடியேற வழி கிடைக்கும் என்ற ஆசையில் பதிந்தவர்களும் உண்டு; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தக் காரணத்துக்காகப் பதிந்திருந்தாலும், முடிவெடுத்தவர்கள் பெரியவர்கள். கைரேகைக்கு விரலைக் கொடுத்தது குழந்தை.

அந்தக் குழந்தைக்குப் பதினெட்டு வயது நிறைகிறது. தந்தையின் அட்டை, தாயின் அட்டை, பள்ளிச் சான்றிதழ், ஊர்த் தலைவரின் கடிதம் என்று எல்லாவற்றையும் கையில் பிடித்துக்கொண்டு அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வருகிறது. கைரேகை எடுக்கப்படுகிறது. அகதிப் பதிவேட்டில் அதே ரேகை இருப்பதாகக் கணினி சொல்கிறது. அத்துடன் விண்ணப்பம் நின்றுவிடுகிறது. பெற்றோரின் அட்டைகளை அதன்பின் எவரும் புரட்டிப் பார்ப்பதுகூட இல்லை. காகிதங்கள் எல்லாம் கையிலிருக்க, ஒரே ஒரு ரேகை அவை அனைத்தையும் வென்றுவிடுகிறது.

‘கிபாண்டே’ என்று மக்கள் சொல்லும் அந்த அட்டை இல்லாமல் உங்கள் நாட்டில் ஒரு நாளைக் கழிப்பது எவ்வளவு கடினம் என்பதை நீங்களே அறிவீர்கள். சொந்தப் பெயரில் சிம் வாங்க முடியாது; சிம் இல்லையென்றால் கைபேசி வழியே பணம் அனுப்பவும் பெறவும் உதவும் எம்-பெசா இல்லை; எம்-பெசா இல்லாதவருக்குக் கூலி கொடுப்பதற்கே முதலாளி தயங்குவார். வங்கிக் கணக்கு, அரசு வேலை, வாக்குச்சீட்டு எதுவும் கிடையாது. கரிசாவிலிருந்து நைரோபிக்குப் பேருந்து ஏறினால் வழியில் உள்ள சோதனைச் சாவடிகளில் இறக்கி விசாரிப்பார்கள். 2014 ஏப்ரலில் நைரோபியில் சோமாலியர் மிகுந்து வாழும் ஈஸ்ட்லீயில் நடந்த தேடுதல் வேட்டையில் பிடிபட்ட ஆயிரக்கணக்கானோர் கசரானி விளையாட்டரங்கில் அடைத்து வைக்கப்பட்டதை வடகிழக்கு மக்கள் இன்னும் மறக்கவில்லை.

உங்கள் தரப்பின் அச்சத்தையும் நான் சிறுமைப்படுத்தவில்லை. 2015 ஏப்ரல் 2 அன்று கரிசா பல்கலைக்கழகத்தில் சோமாலியத் தீவிரவாத அமைப்பான அல்-ஷபாப் நடத்திய தாக்குதலில் 148 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். அத்தகைய கொடுமையைச் சந்தித்த அரசு யாருக்கு அட்டை கொடுக்கிறோம் என்று கவனமாகப் பார்ப்பது அதன் கடமையே. ஆனால் பத்து வயதில் ரொட்டிக்காக ரேகை வைத்தவரைப் பல ஆண்டுகள் எந்த ஆவணமும் இல்லாமல் அலையவிடுவதால் நாட்டின் பாதுகாப்பு எவ்வகையில் கூடுகிறது என்பதை இதுவரை எவரும் விளக்கவில்லை. பெயரும் முகவரியும் பதியாத மனிதரைவிடப் பதிந்த மனிதரைக் கண்காணிப்பதுதானே எளிது?

உங்கள் 2010 அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவு, பெற்றோரில் ஒருவர் கென்யக் குடிமகனாக இருந்தாலே பிள்ளை பிறப்பால் குடிமகன் என்கிறது. அகதி முகாமில் ரேகை பதிந்தால் அந்த உரிமை போய்விடும் என்று அதில் எங்கும் இல்லை. இரட்டைப் பதிவுச் சிக்கல் கரிசா உயர் நீதிமன்றம் வரை வழக்காகச் சென்றிருக்கிறது. 2025 பிப்ரவரியில் வடகிழக்கு நகரான வஜீரில் வைத்து, அடையாள அட்டை கேட்கும் எல்லை மாவட்ட மக்களை மட்டும் கூடுதல் விசாரணைக் குழுமுன் நிறுத்தும் பழைய வழக்கத்தை அதிபர் ரூட்டோ நீக்கினார். வரவேற்கத்தக்க முடிவுதான், ஆயினும் விசாரணைக் குழு போனாலும் அகதிப் பதிவேட்டிலுள்ள ரேகை தானாக அழிவதில்லை.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. மொசாம்பிக்கிலிருந்து சிசல் எனும் நார்க் கற்றாழைத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்த மகொண்டே மக்கள், 2016 அக்டோபரில் குடியுரிமை கேட்டுக் கடலோரக் குவாலேயிலிருந்து நைரோபிக்கு நடைப்பயணம் புறப்பட்டார்கள். தலைமுறைகளாக ஆகாதது அதன்பின் சில மாதங்களில் ஆயிற்று. பின்னர் ஜிம்பாப்வே வழிவந்த ஷோனா மக்களுக்கும், தான்சானியாவின் பெம்பா தீவின் வழிவந்த பெம்பா மக்களுக்கும் குடியுரிமை கொடுத்தீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களையே அணைத்துக்கொள்ள முடிந்த அரசுக்கு, தன் சொந்தக் குடிமக்களைத் திரும்பப் பெறுவது ஏன் இத்தனை கடினமாக இருக்க வேண்டும்?

ஆகவே கேட்கிறேன். வயது நிரம்பாத பருவத்தில் அகதியாகப் பதியப்பட்டு, பெற்றோரில் ஒருவர் கென்யர் என்று காட்ட முடிந்த ஒவ்வொருவரின் பெயரையும் குறித்த காலக்கெடுவுக்குள் அகதிப் பதிவேட்டிலிருந்து நீக்க எழுத்துபூர்வமான விதி வேண்டும். மறுப்பதானால் காரணத்தை எழுதிக் கொடுத்து, மேல்முறையீட்டுக்கு வழியும் விட வேண்டும். நிரூபிக்கும் சுமை அரசின்மேல் இருக்கட்டும். முடிவு வரும்வரை, சாவடியில் காட்டவும் சிம் வாங்கவும் உதவும் தற்காலிகச் சான்று தேவை. குடியுரிமை குறித்து ஆப்பிரிக்க ஒன்றியம் 2024 பிப்ரவரியில் ஏற்றுக்கொண்ட நெறிமுறைக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் அளிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் அவசரமானது இன்னொன்று. 1990-களில் முகாமில் பதியப்பட்ட பிள்ளைகள் இன்று தாயும் தந்தையுமாகிவிட்டார்கள். தங்கள் குழந்தையின் பிறப்பைப் பதியப் போனால் அங்கே பெற்றோரின் அட்டையைக் கேட்கிறார்கள். அட்டை இல்லை என்பதற்காக அந்தக் குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழை மறுக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அதற்குப் புதிய சட்டமும் வேண்டாம், ஆணையமும் வேண்டாம்.