"கடைசியா மோஷன் எப்போ போச்சு?": மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் இவ்விரு துறைகளின் உயர் அலுவலர்களுக்கும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் களப்பணியாளர்களுக்கும் வணக்கம்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய இந்தத் திட்டத்தால் பிபி, சுகர் மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரணப் பராமரிப்பும் படுக்கை வரை வருகின்றன. இப்படி நீங்கள் போகிற வீடுகள் சிலவற்றில், மூளை முடக்குவாதமோ அறிவுசார் குறைபாடோ உள்ள, வயது இருபதைத் தாண்டிய மகனோ மகளோ இருப்பார்கள். பிபி பார்க்கிறீர்கள், கை காலை மடக்கி நீட்டிப் பார்க்கிறீர்கள், வலிப்பு மாத்திரை கையிருப்பு இருக்கிறதா என்று விசாரிக்கிறீர்கள். கடைசியாக மோஷன் எப்போது போனது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்காததால் அம்மாவும் சொல்வதில்லை. வளர்ந்த பிள்ளையின் மலத்தைப் பற்றி வாசலில் நின்று பேச யாருக்குத்தான் வாய் வரும்?

இது கூச்சத்தோடு முடிகிற விஷயமல்ல. 2012இல் இங்கிலாந்தில், டவுன் சின்ட்ரோம் உள்ள 33 வயது மனிதர் ஒருவர் மலச்சிக்கலின் விளைவுகளால் மருத்துவமனையில் இறந்தார். அந்த மரண விசாரணைக்குப் பிறகு அங்கே அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் மலச்சிக்கலை உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகப் பேச ஆரம்பித்தார்கள். நம் ஊரில் இப்படி ஒரு சாவு நேர்ந்தால், வாந்தி, நிமோனியா, வலிப்பு என்று ஏதோ ஒன்றை எழுதிவிட்டுப் போய்விடுவோம்.

களப்பணியாளர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, "தினமும் போகிறான்" என்ற பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது. மலக்குடலில் கெட்டியான மலம் அடைத்துக்கொண்டிருக்கும்போது, அதற்கு மேலிருந்து வரும் நீர்த்த மலம் ஓரமாகக் கசிந்து டயப்பரை நனைக்கும். வீட்டில் அதை வயிற்றுப்போக்கு என்று நினைப்பார்கள். மருந்துக் கடையில் லோபரமைடு கொடுத்து நிறுத்துவார்கள், அடைப்பு இன்னும் இறுகும். டயப்பரில் தினமும் கறை மாதிரி கொஞ்சம், வாரத்துக்கு ஒருமுறை கமோடே அடைக்கிற அளவுக்கு ஒன்று என்றால் அது மலச்சிக்கல்தான். பேசத் தெரியாத பிள்ளைக்கு அறிகுறி வேறு விதமாக வரும்: சாப்பாட்டைத் துப்புவது, தன் கையையே கடிப்பது, ராத்திரித் தூக்கம் கெடுவது, தசை இறுக்கமும் வலிப்பும் கூடுவது. மலம் நிறைந்த குடல் மூத்திரப்பையை அழுத்துவதால் மூத்திரம் முழுக்கப் போகாமல் அடிக்கடி தொற்றும் வரும். இதையெல்லாம் "அவன் குணமே அப்படி" என்று எழுதி வைத்திருக்கும் சீட்டுகள் நிறைய உண்டு.

காரணங்களில் பாதி நாமே கொடுக்கிற மருந்துகள். எச்சில் வடிவதற்கும் தசை முறுக்கத்துக்கும் தரும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில், எச்சிலுக்கே தரும் கிளைகோபைரோலேட் இரண்டும் வாயை உலர்த்துவதோடு குடலின் அசைவையும் குறைக்கும். தசை இறுக்கத்துக்குத் தரும் பாக்லோஃபென், மனநல மருந்தான ரிஸ்பெரிடோன், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். டவுன் சின்ட்ரோம் உள்ளவருக்குத் தைராய்டு குறைவாக இருக்கிறதா என்று ரத்தம் பார்க்காமல் மலச்சிக்கலுக்கு மருந்து எழுதுவது பாதி வேலை. நடமாட்டம் இல்லை, விழுங்குவது சிரமம் என்பதால் தண்ணீரும் குறைவு. மசித்த தயிர் சாதமே மூன்று வேளையும் என்றால் நார்ச்சத்துக்கு எங்கே போவது? கீரை மசியல், பப்பாளிக் கூழ், ராத்திரி ஊறவைத்து அரைத்த உலர் திராட்சை ஆகியவற்றை அந்தத் தட்டில் சேர்க்கலாம். ஆனால் தண்ணீரைக் கூட்டாமல் நாரை மட்டும் கூட்டினால் வயிறு உப்புமே தவிர மலம் இளகாது. இதய, சிறுநீரகக் கோளாறு இல்லாத பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 40 கிலோ என்றால் 1.2 லிட்டர். இசப்கோல் என்ற நார்ப் பொடி இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. போதிய தண்ணீர் இல்லாமல் அது தொண்டையிலோ குடலிலோ உருண்டுகொள்ளும்.

வீடுகளில் இப்போது நடப்பதையும் சொல்ல வேண்டும். விளக்கெண்ணெயில் தோய்த்த வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு இவை கைக்குழந்தைக் காலத்துப் பழக்கம், பிள்ளை வளர்ந்த பிறகும் தொடர்கிறது. சோப்பு மலக்குடலின் உட்சவ்வை அரித்துப் புண்ணாக்கும், அடுத்த முறை வலிக்குப் பயந்து அவர் மலத்தை அடக்குவார். இதைவிட ஆபத்தானது வாய் வழியே ஊற்றும் எண்ணெய். விளக்கெண்ணெயானாலும் சரி, திரவ பாரஃபின் கலந்து பாட்டிலில் வரும் வெள்ளை மருந்தானாலும் சரி, விழுங்குவதில் தடுமாற்றம் உள்ளவருக்குத் தரவே கூடாது. எண்ணெய் இருமலைக் கூடத் தூண்டாமல் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். மருந்துக் கடைகளில் சீட்டு இல்லாமலே கேட்டால் கிடைக்கும் மருந்து என்பதால், இந்த ஒரு எச்சரிக்கையையாவது சுவரொட்டியாக அடித்து ஒட்டச் சொல்கிறோம்.

அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனால் எனிமா கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எனிமா மலக்குடலையும் அதற்குச் சற்று மேலேயும்தான் காலி செய்யும், மேலே தேங்கியிருப்பது இரண்டு மூன்று நாளில் இறங்கி மறுபடி அடைக்கும். பாஸ்பேட் எனிமாவை ஒரே நாளில் திரும்பக் கொடுக்கக் கூடாது. நீர் வற்றியவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் ரத்தத்தில் உப்புகளின் அளவை அது ஆபத்தாகக் குலைத்துவிடும். கொடுத்த எனிமா வெளியே வரவில்லை என்றால் வீட்டில் காத்திருக்கக் கூடாது என்பதையும் அனுப்பும்போதே சொல்ல வேண்டும்.

தினசரிக்குப் பொருத்தமானது மேக்ரோகால் என்ற மலமிளக்கிப் பொடி. வேலை செய்யும் விதம் எளிது. நாம் கலக்கும் தண்ணீரைக் குடல் உறிஞ்சிவிடாமல் அது பிடித்து வைத்துக்கொண்டு மலத்தோடு சேர்க்கிறது. ஆகவே தண்ணீரின் அளவில் சிக்கனம் கூடாது. ஏறத்தாழ 13 கிராம் பாக்கெட் என்றால் 125 மில்லி, 17 கிராம் என்றால் ஒரு பெரிய டம்ளர், அதாவது 240 மில்லி. கம்பெனிக்குக் கம்பெனி கிராம் மாறுவதால், சீட்டில் "ஒரு பாக்கெட்" என்று எழுதாமல் கிராமில் எழுதுங்கள். இந்தத் தண்ணீர் உடம்பில் சேராது, அன்றைய 1.2 லிட்டரில் இதைக் கழிக்கக் கூடாது. அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் பலன் தெரிய இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும். லாக்டுலோஸ் என்ற மலமிளக்கியும் கேட்கும், ஆனால் குடலில் புளித்து வாயு கட்டும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவருக்கு அது கொடுமை.

மேக்ரோகாலில் ஒரு கண்ணி உண்டு. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குத் தண்ணீரைக் கெட்டியாக்கித் தருகிறோம். கெட்டியாக்கும் பொடி மாவுச்சத்தில் செய்ததாக இருந்தால், மேக்ரோகால் சேர்ந்ததும் கலவை மறுபடி தண்ணீராக இளகிவிடும். டம்ளரில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடக்கும். கவனிக்காமல் கொடுத்தால் புரையேறி நுரையீரலுக்குப் போகும். இது பற்றி பிரிட்டன் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2021இல் எச்சரிக்கை விட்டது. கோந்து வகைப் பொடி இப்படி இளகாது. மேக்ரோகாலைக் கஞ்சியில் கலப்பதையும் இதே காரணத்துக்காகத் தவிர்ப்பது நல்லது.

மருந்து கேட்டுவிட்டது என்றதும் நிறுத்துவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. முதல் இளகலுக்கே பயந்து நிறுத்திவிடுவார்கள், மூன்றே வாரத்தில் பழைய கதை. நாள்பட விரிந்துபோன மலக்குடல் சுருங்கி, மலம் நிறைந்ததை உணரும் நிலைக்குத் திரும்ப மாதங்கள் ஆகும். அதுவரை மருந்து ஓட வேண்டும், குறைப்பதென்றாலும் அரைப் பாக்கெட் அரைப் பாக்கெட்டாக. அடைத்திருக்கும் மலத்தை முழுதாகக் கரைத்து எடுக்க மேக்ரோகாலையே பெரிய அளவில் சில நாள் கொடுக்கும் முறை உண்டு. விழுங்கச் சிரமம் உள்ளவருக்கு அதை வீட்டில் செய்யாமல், மருத்துவமனையில் சேர்த்து மூக்குக் குழாய் வழியே செய்ய வேண்டும்.

மலம் இளகியும் வெளியே தள்ள முடியவில்லை என்றால் நிலாவாரை மாத்திரையோ பிஸகோடைலோ ராத்திரி தரலாம். திருநெல்வேலிச் சீமையின் நிலாவாரை உலகச் சந்தையிலேயே அந்த ஊர்ப் பெயரால் அறியப்படுவது, நமக்குப் புதிதல்ல. பிஸகோடைல் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கவோ பாலோடு கொடுக்கவோ கூடாது. மேலுறை வயிற்றிலேயே கரைந்து குமட்டலும் எரிச்சலும் வரும். விழுங்க முடியாதவருக்கு 10 மில்லிகிராம் ஆசனவாய் மாத்திரை இருக்கிறது. அது மலத்துக்குள் செருகினால் வேலை செய்யாது, குடலின் சுவரைத் தொட்டு இருக்க வேண்டும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, மாத்திரையைத் தண்ணீரில் நனைத்து (எண்ணெயிலோ வாசலினிலோ அல்ல), ஓர் அங்குலத்துக்கு மேல் சுவரை ஒட்டித் தள்ள வேண்டும். வெயில் காலத்தில் கிளிசரின் வகை ஆசனவாய் மாத்திரை உறைக்குள்ளேயே குழைந்துவிடும். பிரிக்காமல் குளிர்ந்த தண்ணீரில் சற்று நேரம் போட்டால் இறுகும்.

நேரம் முக்கியம். சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக அசையும், காலையில் அது வலுவாக இருக்கும். ஆகவே காலைச் சாப்பாடு முடிந்து 15 முதல் 30 நிமிடத்துக்குள் உட்காரவைக்க வேண்டும். 10 நிமிடம் போதும், கால் மணிக்கு மேல் வேண்டாம். பாதம் அந்தரத்தில் தொங்கினால் ஆசனவாயைச் சுற்றியுள்ள இடுப்புத் தளத் தசை தளராது. பலகை போட்டு, முழங்கால் இடுப்பைவிடச் சற்று மேலே வரும்படி செய்து, முன்னால் சிறு மேசையில் தலையணை வைத்து அதில் கைகளைச் சாய்க்கவிட வேண்டும். கால்கள் கத்தரி போல் பின்னிக்கொண்டால் நடுவே சுருட்டிய துண்டு. ஒல்லியான இடுப்பு பெரியவர் கமோடின் ஓட்டைக்குள் இறங்கிவிடும், விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் உடம்பு முழுக்க விறைக்கும். ஓட்டையைச் சிறிதாக்கும் வளையம் போட்டால் அந்த விறைப்பு பாதி போகும். ஊதல் ஊதச் சொன்னால் முக்குவது தானாக வரும். உட்காரவே முடியாதவருக்கு இடது ஒருக்களிப்பும், வலது அடிவயிற்றில் தொடங்கி மேலே போய்க் குறுக்கே வந்து இடது பக்கம் இறங்கும் நீவுதலும். சாப்பிட்ட உடனே நீவக் கூடாது.

இனி எங்கள் கோரிக்கை. மக்களைத் தேடி மருத்துவத்தின் வருகைப் படிவத்தில் மோஷன் போன தேதிக்கும் தன்மைக்கும் இரண்டு கட்டம் சேருங்கள். தன்மைக்கு, மலத்தின் வடிவத்தை ஏழு வகையாகக் காட்டும் பிரிஸ்டல் அட்டவணையின் படங்கள் போதும். ஆட்டுப் புழுக்கை போன்ற முதல் வகையும், கட்டி கட்டியாகச் சேர்ந்த இரண்டாம் வகையும் வந்தால் மருத்துவருக்குத் தகவல் போக வேண்டும். வீட்டில் எழுத ஒரு நோட்டு கொடுங்கள். தேதி, நேரம், வகை, அளவு, கொடுத்த மருந்து எழுதினால் போதும். அளவுக்கு நெல்லிக்காய், விரல், கைப்பிடி என்றே எழுதலாம்.

மேக்ரோகாலை தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக ஆரம்ப சுகாதார நிலையம் வரை தட்டுப்பாடில்லாமல் கொண்டுவந்து, சுகர் மாத்திரை போல வீட்டுப் பையிலேயே சேர்த்துவிடுங்கள். சிறப்பு சக்கர நாற்காலி கொடுக்கும் துறையே, கால்பலகையும் பக்கத் தாங்கியும் பட்டையும் உள்ள கமோடு நாற்காலியையும் அளவெடுத்துக் கொடுக்கட்டும். இருபத்தைந்து வயது மகனை அறுபது வயது அம்மா தூக்கி உட்காரவைக்கிற வீட்டில் அது சொகுசுப் பொருளல்ல. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் 18 வயதோடு கைவிடும் இவர்களை, மாதம் ஒருநாள் மாவட்ட மருத்துவமனையில் ஒரே இடத்தில் பார்க்க ஏற்பாடு வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 25ஆம் பிரிவு, வருமான வரம்புக்கு உட்பட்டு அருகிலேயே இலவச மருத்துவ வசதியையும் சிகிச்சையில் முன்னுரிமையையும் உறுதி செய்கிறது. நாங்கள் கேட்பது அதைத்தான்.

ஒன்று மட்டும் உடனே, எந்த ஆணைக்கும் காத்திராமல் செய்யலாம். வயிறு உப்பி இறுகி, காற்றுகூடப் பிரியாமல், பச்சையாக வாந்தி எடுத்தால், அல்லது காய்ச்சலோடு சோர்ந்து கிடந்தால், மலமிளக்கியும் எனிமாவும் கொடுக்காமல் 108ஐ அழைக்க வேண்டும் என்று அடுத்த வருகையிலேயே ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
வீட்டில் பராமரிக்கும் பெற்றோரும், அவர்களோடு பணிசெய்யும் செவிலியர்களும் இயன்முறை சிகிச்சையாளர்களும்